வலது தோளுக்குப் பின்னால் வரும் லாரி

சர்வீஸ் ரோட்டிலிருந்து நாற்கரச் சாலைக்கு ஏறும் வாயில் ‘எல்’ போர்டு மாட்டிய கார்கள் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடிப்போய்த் தடுமாறுபவர்கள் குறைவு. கண்ணாடியில் லாரி தெரிந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது. மூக்கைச் சாலைக்குள் நீட்டிக்கொண்டு கார் ஊர்கிறது. அந்த ஊர்தல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி வினாடிக்கு 22 மீட்டர் கடக்கும். 40-ல் போகும் கார் 11 மீட்டர்தான் கடக்கும். லாரி 100 மீட்டர் பின்னால் இருந்தாலும் ஒன்பது வினாடியில் காரைத் தொட்டுவிடும். காரும் 80-ஐ எட்டிவிட்டால் அந்த இடைவெளி குறையவே குறையாது. ஓடும் பேருந்தில் ஏறுபவர் கூடவே ஓடித்தான் கம்பியைப் பிடிப்பார். இங்கும் அதே நியாயம்தான்.

நெடுஞ்சாலையோடு ஒட்டி, சற்று தூரம் கூடவே வந்து முடியும் கூடுதல் தடம் இதற்காகவே போடப்படுகிறது. வேகமெடுக்க வேண்டியது அங்கேதான். வலது இண்டிகேட்டரை முன்கூட்டியே போடுங்கள். கண்ணாடியைப் பாருங்கள். பிறகு வலது தோளுக்கு மேலாக ஒருமுறை தலையைத் திருப்பிப் பாருங்கள். பக்கக் கண்ணாடி புடைத்த கண்ணாடி என்பதால் வண்டிகள் இருக்கும் தூரத்தைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும். கதவை ஒட்டி வரும் பைக்கைக் காட்டாமலேயே விட்டுவிடும். லாரியையே வெறித்துப் பார்க்காமல், அதற்குப் பின்னால் உள்ள காலி இடத்தைத் தேடுங்கள்.

நம் ஊரில் பல இடங்களில் அப்படி ஒரு தடமே கிடையாது. சர்வீஸ் ரோட்டுத் தடுப்பில் ஒரு திறப்பு மட்டும் இருக்கும். அங்கே நின்றுதான் புறப்பட வேண்டும். சிறிய கார் நின்ற இடத்திலிருந்து 80-ஐ எட்ட 12 வினாடி எடுத்தால், அதற்குள் சுமார் 130 மீட்டர் ஓடியிருக்கும்; லாரி 260 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். ஆகவே பின்னால் 200 மீட்டராவது காலியாக இல்லாமல் கிளம்பக்கூடாது. 300 என்றால் நிம்மதி. பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். கிளம்பும் முன் இடப்பக்கமும் ஒரு பார்வை வேண்டும்: எதிர்த்திசையில் பைக்குகள் வருவது இங்கே அன்றாடக் காட்சி.

வெளியேறுவதில் பிழை வேறு மாதிரி. வளைவு கண்ணில் பட்டதும் நெடுஞ்சாலையிலேயே பிரேக் போட்டுவிடுகிறார்கள். பிரியும் தடம் இருந்தால், இடது இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நுழைந்து வரும் பைக் உண்டா என்று பார்த்து, அந்தத் தடத்துக்குள் முழுதாகப் போன பிறகு வேகத்தைக் குறைக்க வேண்டும். வெறும் திறப்புதான் என்றால் வெகு முன்னதாகவே இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரத்துக்கு வந்து, சிறுகச் சிறுகக் குறைத்துவர வேண்டும். அப்போது கண் ஸ்பீடாமீட்டரில் இருக்கட்டும். ஒரு மணி நேரம் 90-ல் ஓட்டியவருக்கு 60 என்பது நகர்வதுபோலவே தோன்றும். மதுரவாயல் சந்திப்பில் இருப்பதுபோல வட்டமாகச் சுழலும் பாதையில் அந்த நினைப்பு கவிழ்த்துவிடும்: 40-ல் திரும்புவதைவிட 60-ல் திரும்ப, டயர் இரண்டே கால் மடங்கு அதிகமாகச் சாலையைப் பிடித்தாக வேண்டும்.

பிரியும் வாயைத் தவறவிட்டால் நேரே போய்விடுங்கள். ரிவர்ஸ் எடுப்பதோ, வெள்ளைக் கோடு போட்ட முக்கோணத்தின் மேல் குறுக்கே வெட்டுவதோ கூடவே கூடாது.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது, உரிமம் உள்ள, பழக்கிவிடும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் கூட இருக்கும் நாட்களிலேயே இதைப் பழகிவிடுங்கள். டெஸ்ட்டுக்கு மட்டும் பழக்கும் டிரைவிங் ஸ்கூலாக இருந்தால், ஞாயிறு காலையில் ஒருமுறை பைபாஸுக்கும் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள்.