திறன்பேசிப் பயன்பாடும் இளையோரின் உடற்பருமனும்

திறன்பேசித் திரையின் முன் செலவிடும் நேரத்துக்கும் இளையோரின் உடற்பருமனுக்கும் தொடர்பு உள்ளது. திறன்பேசி நேரடியாக எடையைக் கூட்டுவதில்லை. விளையாட்டிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் அது எடுத்துக்கொள்ளும் நேரமும், அதனோடு சேர்ந்து வரும் உணவுப் பழக்கமுமே எடையைக் கூட்டுகின்றன.

கொலம்பிய ஆய்வு

கொலம்பியாவின் சிமோன் பொலிவார் பல்கலைக்கழகத்தில் 2018 ஜூன் முதல் டிசம்பர் வரை 1,060 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 700 பேர் பெண்கள், 360 பேர் ஆண்கள். நாளொன்றுக்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ திறன்பேசி பயன்படுத்தியவர்களுக்கு உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பு 43% அதிகமாகக் காணப்பட்டது. இனிப்புப் பானங்கள், துரித உணவு, நொறுக்குத் தீனி ஆகியவற்றை உண்ணும் வாய்ப்பும் இவர்களிடம் இரு மடங்காக இருந்தது.

எடை கூடும் விதம்

• உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் குறைவு. உண்ட உணவில் எஞ்சும் ஆற்றல் கொழுப்பாகச் சேர்கிறது.
• திரையைப் பார்த்தபடி உண்பவர், வயிறு நிறைந்ததை உணராமல் கூடுதலாக உண்கிறார். உணவு விளம்பரங்களும் ஆசையைத் தூண்டுகின்றன.
• இரவில் நெடுநேரம் விழித்திருந்தால் தூக்கம் குறைகிறது. அதனால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடவும், பசியை அடக்கும் லெப்டின் குறையவும் கூடும்.

எது காரணம்?

கொலம்பிய ஆய்வு தொடர்பை மட்டுமே காட்டுகிறது. எடை மிகுந்தவர்கள் வெளியே விளையாடத் தயங்கி, திறன்பேசியை நாடியிருக்கவும் கூடும். இந்த ஐயத்துக்கு, திறன்பேசிக்கு முந்தைய ஒரு சோதனை ஓரளவு விடை தருகிறது. அமெரிக்காவின் சான் ஓசே நகரில் 3, 4ஆம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தொலைக்காட்சி, காணொளி விளையாட்டு நேரத்தைக் குறைக்க ஒரு பள்ளியில் பயிற்சி தரப்பட்டது. மற்றொரு பள்ளியில் தரப்படவில்லை. பயிற்சி பெற்ற குழந்தைகளின் உடல் நிறை குறியெண் மற்றவர்களைவிடக் குறைவாகவே உயர்ந்தது. இம்முடிவு 1999இல் வெளியானது. திரை நேரத்தைக் குறைப்பதே பயன் தரும் என்பதை இது உணர்த்தியது.

தடுக்கும் வழிகள்

5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உண்ணும் இடத்திலும் படுக்கையிலும் திறன்பேசியைத் தவிர்ப்பது, உணவின் அளவையும் தூக்கத்தையும் காக்க உதவும். பெற்றோரும் இதைக் கடைப்பிடித்தால் பிள்ளைகளுக்கு எளிதாகும்.