நாய்க்கு வயிறு சரியில்லையா? முதல்ல இதைச் செய்யுங்க!

ஸ்ரீரங்கத்தில் பண்டிகை நாளில் மிஞ்சிய அக்காரவடிசலைச் செல்ல நாய்க்கும் வைப்பவர்கள் உண்டு. பாலும் நெய்யும் அதன் வயிற்றைக் கலக்கிவிடும். அதிலுள்ள உலர் திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கலாம். தின்றிருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்க.

என்ன கொடுக்கலாம்?

லேசான பேதிதான், நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் குழைந்த சாதமும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும் போதும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. நாளுக்கு 4 வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. திருச்சி வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். அடிக்கடி தண்ணீர் வைங்க. நம்ம பாராசிட்டமால் மாத்திரை வேண்டவே வேண்டாம், அது விஷமாகலாம்.

எப்போ டாக்டர்?

ரத்தம், தொடர் வாந்தி, சோர்வு, 24 மணி நேரம் தாண்டிய பேதி. தடுப்பூசி போடாத குட்டி என்றால் உடனே. பார்வோ வைரஸ் இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறிக்கலாம்.