பொதுப்பண்பும் வகைப்பாடும்: ஜாவாஸ்கிரிப்ட் மொழியினை முன்வைத்து ஒரு குறிப்பு

வகைப்படுத்தல் அறிவின் தொடக்கப் படிகளுள் ஒன்றாகும். ஆயினும், எப்பண்பினை அடிப்படையாகக் கொண்டு வகுப்பது என்ற வினா எழுந்தவுடன் அது ஒரு சமூகச் செயலாகிவிடுகின்றது. கணினி மொழியாகிய ஜாவாஸ்கிரிப்ட்டில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

மாத்தளை மாவட்ட மக்களின் விவரங்கள் ஓர் அணியாக அமைந்துள்ளன எனக் கொள்வோம். அணியின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பொருள். பிரதேசம், இனம், காணி, குடியுரிமை என்பன அதன் பண்புகள். இத்தகைய பொருள்களைத் தொகுப்பதற்கு முன்னர் நிரலாளர் ‘றிடியூஸ்’ என்பதைக் கொண்டு தாமே வழிவகுத்தனர். 2024ஆம் ஆண்டின் மொழித் தரவரையறை ‘ஒப்ஜெக்ட்.குறூப்பை’ என்னும் முறையினைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு அணியினையும் ஒரு சார்பினையும் வழங்குகின்றோம். சார்பு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயரைத் தருகின்றது; ஒரே பெயர் பெற்றவை ஒரே தொகுதியுட் சேர்கின்றன.

சார்பு பிரதேசத்தைத் தருமாயின் லக்கல-பல்லேகம, இரத்தோட்டை, உக்குவளை எனத் தொகுதிகள் அமையும். இனத்தைத் தருமாயின் லக்கலவின் சிங்கள விவசாயியும் இரத்தோட்டையின் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் பிரிந்து நிற்பர். காணியுடைமையைத் தருமாயின், காணியற்ற அவ்விருவரும் ஒரே தொகுதியில் இணைவர். இம்முறை பொருள்களைப் படியெடுப்பதில்லை. எல்லாத் தொகுதிகளும் அதே பொருள்களையே சுட்டுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

குறித்த பண்பு ஒரு பொருளில் இல்லாவிடின் யாது நிகழும்? பிழையெதுவும் அறிவிக்கப்படுவதில்லை. அப்பொருள் ‘அன்டிஃபைன்ட்’, அதாவது ‘வரையறுக்கப்படாதது’, என்னும் தொகுதியுள் அமைதியாகச் சென்றுவிடும்.

இலங்கை வரலாறு இதனை நன்கறியும். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என முதன்முதலாகத் தனித்தனியே வகுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கோரியது. பிறப்புப் பதிவற்ற பரம்பரையினரான இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றோராயினர். அத்தொகுதியினைக் கலைக்க 1988, 2003 ஆகிய ஆண்டுகளிலும் சட்டங்கள் இயற்றவேண்டியிருந்தது.

எனவே, தொகுத்தபின் நாம் முதலில் நோக்கவேண்டியது அவ் ‘வரையறுக்கப்படாத’ தொகுதியினையே. அதன் நிறைவின்மை அதனுள் வைக்கப்பட்டோருடையதன்று, பண்பினைத் தெரிந்தெடுத்தோருடையதாகும். அத்தெரிவுக்கு இயந்திரம் ஒருபோதும் பொறுப்பேற்பதில்லை.