ஓவியர் ஒரோஸ்கோவின் சுவரும் கல்லும்

மெக்சிக்கோ நாட்டுச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசுவோர் டியேகோ ரிவேராவின் பெயரையே முதலிற் கூறுவர். அவரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் ஹொசே கிளெமெந்தே ஒரோஸ்கோ, பெருஞ்சுவர்களில் வரைந்ததோடு அமையாது, சிறு தாள்களிலே கல்லச்சாகவும் தம் கருத்தைப் பதித்தவர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அவர் கலையின் உள்ளம் புலப்படாது.

ஒரோஸ்கோ 1883 ஆம் ஆண்டு ஹலிஸ்கோ மாநிலத்திற் பிறந்து, இளவயதிலேயே தலைநகருக்கு வந்தார். பாடசாலைக்குச் செல்லும் வழியிலே பொசாதா என்னும் சித்திரச் செதுக்காளர் யாவருங் காணத் தொழில் செய்துகொண்டிருப்பார். மலிவுத் தாள்களுக்கு எலும்புக்கூட்டுச் சித்திரங்கள் ஆக்கிய அவ்வெளிய கலைஞரே தம் கற்பனையை முதலில் தூண்டியவர் என ஒரோஸ்கோ தம் சுயசரிதையிற் குறித்துள்ளார். இளமையில் நேர்ந்த வெடிமருந்து விபத்தில் அவர் இடக்கையை இழந்தார். எஞ்சிய ஒரு கையோடுதான் பின்னாளிற் சாரமேறி விதானங்களை வரைந்தார்.

1910 இல் மூண்ட புரட்சிக் காலத்தில் அவர் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். போரின் வீரத்திலும் பார்க்க அதன் அவலமே அவர் நெஞ்சிற் பதிந்தது. 1923 இல் தேசிய ஆயத்தப் பாடசாலைச் சுவர்களில் வரையத் தொடங்கினார். செல்வர் விருந்துண்ணத் தொழிலாளர் தம்முட் சண்டையிடுவதையும், சட்டமும் நீதியும் குடித்துக் கூத்தாடுவதையும் அவர் காட்டினார். மாணவர் சினந்து ஓவியங்களைச் சிதைத்தனர். 1924 இல் வேலை நிறுத்தப்பட்டது. 1926 இல் மீண்டும் அழைக்கப்பட்டே அதனை முடித்தார்.

1927 இல் நியூயோர்க் சென்ற ஒரோஸ்கோ, மறுவருடம் கல்லச்சிற் கைவைத்தார். கல்லச்சு செதுக்கு வேலையன்று. சீராகத் தேய்த்த சுண்ணக்கல்லின்மீது கொழுப்புக் கலந்த மைக்கோலால் வரைந்து, அமிலமும் பிசினும் சேர்ந்த கரைசலாற் பதப்படுத்துவர். பின் நீர் தடவினால், வரையாத இடம் நீரை ஏற்கும். கொழுப்போ அதனைத் தள்ளும். உருளையால் மை பூசும்போது அது கோட்டிலே மாத்திரம் ஒட்டும். ஆகவே கையின் அழுத்தமும் தயக்கமும் அவ்வாறே தாளில் இறங்கும். சுவர் நின்ற இடத்தில் நிற்பது. தாளோ கடல் கடந்து செல்வது. மெலிந்த இந்தியக் குடியானவனைக் குனிந்து தழுவும் பிரான்சிஸ்கன் துறவியைப் பாடசாலைச் சுவரிலிருந்து அவர் கல்லுக்கு மாற்றியதன் பயன் இதுவே. 'பின்னணிப்படை' என்னும் கல்லச்சிலே துப்பாக்கி தாங்கிய வீரரும் பிள்ளை சுமந்த பெண்களும் நடந்து செல்கின்றனர். நாம் காண்பது முதுகுகளையே. அவலத்தை உரத்துக் கூறாத இத்தகைய தாள்கள் அவருடைய பெருஞ்சுவர்கள் சிலவற்றிலும் மேம்பட்டவை என்பது எமது கருத்து.

நியூயோர்க்கில், சமூக ஆராய்ச்சிக்கான புதிய கல்விநிலையத்தில், 1931 இல் அவர் முடித்த சுவரோவியத்திற் காந்தியடிகள் அமர்ந்திருக்கக் காணலாம். அதிலுள்ள லெனின், ஸ்டாலின் உருவங்கள் 1950 களிற் சிலகாலம் திரையிட்டு மறைக்கப்பட்டிருந்தன. 1934 இல் டார்ட்மத் கல்லூரி நூலக ஓவியங்களை முடித்துத் தாய்நாடு திரும்பினார். 1949 இற் காலமானார்.

அவருடைய பெரும்படைப்பு குவாடலஹாரா நகரத்துக் கபாஞாஸ் அநாதை இல்லத்தில் உள்ளது. 1938-39 இல் வரையப்பட்ட அவ்வோவியங்களுள், குவிமாடத்தின் உச்சியிலே தீயில் எரிந்தவாறு மேலெழும் மனிதன் ஒருவன் உளன். 1997 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட அம்மண்டபத்திற்குச் செல்வோர், வாங்குகளில் மல்லாந்து படுத்தே அவனைப் பார்க்கின்றனர்.