பச்சைக் குறி சொல்வதும் சொல்லாததும்



கடந்த மாதம் மக்ரிப் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரி இரண்டு பாக்கெட்டுகளுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். ஒன்று கேக். பழுப்பு முக்கோணத்தைப் பார்த்து, "ஹராம்" என்று மகன் தொட மறுத்துவிட்டானாம். மற்றொன்று வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஜெல்லி மிட்டாய். அதில் எந்தக் குறியும் இல்லை. பிள்ளைகள் பாதியைத் தின்றுவிட்டார்கள்.

படித்துப் பார்த்தோம். கேக்கில் இருந்தது முட்டை. மிட்டாயில் இருந்தது பன்றி ஜெலட்டின். அந்தச் சகோதரியின் கண்கள் கலங்கிவிட்டன. தெரியாமல் உண்டதற்குக் குற்றமில்லை என்று ஆறுதல் சொன்னேன். ஆனால் தெரிந்துகொள்வது நம் கடமை.

குறிகள் என்ன?

நம் நாட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது குழப்பம் தந்தது. 2020ஆம் ஆண்டு விதிமுறைகளில் முக்கோணமாக மாற்றினார்கள். இறைச்சி, மீன், முட்டை, அவற்றிலிருந்து எடுத்த எந்தப் பொருள் சேர்ந்தாலும் அசைவம். பாலும் தேனும் சைவக் கணக்கில் வரும்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. பழுப்பு முக்கோணம் ஹராம் என்று பொருளல்ல. முட்டையும் மீனும் நமக்கு ஹலால்தானே? இறைச்சியாக இருந்தால்தான் முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். அதற்கு ஹலால் சான்று பார்க்க வேண்டும்.

2. பச்சைக் குறி முழு ஹலால் சான்றும் அல்ல. மது தாவரத்திலிருந்து வருவது. அதைப் பற்றி இந்தக் குறி எதுவும் சொல்லாது. ரம், ஒயின், லிக்கர் போன்ற சொற்கள் உள்ளனவா என்று மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள்.

3. எண்களைக் கவனியுங்கள். 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 471, 631 ஆகியவை தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். இப்படி எண்ணை மட்டும் போடுவது போதாது, மூலம் தாவரமா விலங்கா என்றும் தெரிவிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. விலங்குப் பொருள் எவ்வளவு சிறிதளவு சேர்ந்தாலும் அது அசைவமே என்றும் கூறியது. பட்டியலில் தெளிவில்லையென்றால், பாக்கெட்டில் உள்ள நுகர்வோர் சேவை எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

4. வெளிநாட்டுப் பொருட்களில் பச்சை, பழுப்புக் குறி இல்லாமல் இருக்கலாம். குறி இல்லாதது சைவம் ஆகிவிடாது. ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வகைகளில் 'ஜெலட்டின்' என்று மட்டும் இருந்து, ஹலால் முத்திரை இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள். மலேசியாவின் ஜாக்கிம், சிங்கப்பூரின் முயிஸ் முத்திரைகள் நம்பகமானவை.

கேட்டும் தெளிவு கிடைக்கவில்லையா? சந்தேகமானதை விட்டுவிடுவதே மார்க்கத்துக்குப் பாதுகாப்பு. சட்ட நுணுக்கங்களை நம் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் நம் அண்டைவீட்டாரில் சைவம் உண்பவர்கள் அதிகம். பெருநாளைக்கு இனிப்பும் பிஸ்கட்டும் கொடுக்கும்போது பச்சைக் குறி உள்ளதைப் பார்த்துக் கொடுங்கள். நம் உணவில் நாம் எவ்வளவு பேணுதலோ, அவர்கள் உணவில் அவர்களும் அவ்வளவு பேணுதல். அதை மதிப்பது அண்டைவீட்டார் ஹக்கில் சேர்ந்தது.

வஸ்ஸலாம்.
செயலாளர்