எந்தச் சக்கரத்தைத் தூக்க வேண்டும்?

பைக் செயினுக்குச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். அதற்குப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி, கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டியில் இது ஒரு மிதியில் முடிகிற காரியம். அது இல்லாத கேடிஎம் டியூக், யமஹா ஆர்15 போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் படும் பாடு வேறு. வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்து, பின்சக்கரம் எழும்பும்படி ஒருவர் இழுத்துப் பிடிப்பார். இன்னொருவர் குனிந்து செயினைத் துடைப்பார். பிடித்திருப்பவரின் கை வழுக்கினால் ஏறக்குறைய ஒன்றரைக் குவிண்டால் எடை சரியும். முழு எடையையும் ஒற்றைக் காலில் தாங்குவதற்காகச் சைடு ஸ்டாண்டைச் செய்யவில்லை.

கம்பெனிகள் சென்டர் ஸ்டாண்டைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அது எடையைக் கூட்டும். வளைவில் வண்டி நன்றாகச் சாயும்போது தரையில் உரசும். பழைய டியூக் 390-இல் சைலன்சர் பெட்டி இன்ஜினுக்கு அடியிலேயே இருந்ததால் ஸ்டாண்டுக்கு அங்கே இடமும் இல்லை. வேகத்துக்காகச் செய்த இந்த ஏற்பாட்டின் விலையை, ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டிகோவில் உட்கார்ந்து வண்டியைத் துடைப்பவர் கொடுக்கிறார்.

ஆகவே ஸ்டாண்ட் வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தச் சக்கரத்தைத் தூக்க வேண்டும் என்பதை. விலையும் பிராண்டும் பிறகுதான்.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 112 கிலோ ஸ்பிளெண்டருக்கும் 195 கிலோ கிளாசிக் 350-க்கும் முறை ஒன்றுதான். இடது கையால் ஹேண்டில்பாரையும் வலது கையால் பின்பக்கக் கைப்பிடியையும் பிடித்து, ஸ்டாண்டின் இரு கால்களும் தரையில் படும்வரை வண்டியை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு உடல் எடை முழுவதையும் வலது காலில் போட்டு மிதித்தால், வண்டி தானாகப் பின்னால் உருண்டு மேலே ஏறிக்கொள்ளும். கையால் தூக்கப் பார்ப்பவருக்கு இடுப்பு வலிதான் மிஞ்சும். இன்ஜின் ஆயில் அளவையும் இப்படி நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டி தவறான அளவைக் காட்டும்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லாதவர்களுக்குப் பேடாக் ஸ்டாண்ட். இது பந்தயத்திலிருந்து வந்தது. பந்தய வண்டியில் சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிடுவார்கள் என்பதால், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் பிட் பகுதியில் வண்டிகள் இதன் மேல்தான் நிற்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இருபுறமும் மறையுள்ள துளை இருந்தால், அதில் ஸ்பூல் எனப்படும் உருளைகளை முறுக்கி, ஸ்டாண்டின் கொக்கிகளை அவற்றுக்கு அடியில் கொடுத்து, நெம்பியை அழுத்தினால் போதும். துளை 6, 8, 10 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும். அளவு தெரியாமல் ஸ்பூல் வாங்கி, பொருந்தாததை வலுவில் முறுக்கினால் ஸ்விங் ஆர்மின் மறையே போய்விடும். துளை இல்லாத வண்டிக்கு, ஸ்விங் ஆர்மை அடியிலிருந்து ஏந்தும் ரப்பர் வைத்த தாங்கிகள் கிடைக்கின்றன. இரண்டும் கிடைக்கிற வண்டிக்கு ஸ்பூல்தான் மேல். கொக்கியில் மாட்டிய வண்டி பக்கவாட்டில் நழுவாது.

கடையில் ஸ்டாண்டை வாங்கும்போது பெயிண்டைப் பார்ப்பதைவிட வெல்டிங்கைப் பார்ப்பது நல்லது. அகலத்தைக் கூட்டிக் குறைக்க வசதி வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் என்றால் தரை சமமாக இருக்க வேண்டும். நம் வீட்டுப் போர்டிகோக்கள் மழைத்தண்ணீர் வடியட்டும் என்று வாசலை நோக்கிச் சரிவாகப் போடப்பட்டவை. அங்கே முன்சக்கரத்துக்கு இருபுறமும் செங்கல் வைத்து, முன் பிரேக் லீவரை ஒரு ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிய பிறகே தூக்க வேண்டும். தூக்கிய வண்டியின் மேல் யாரும் உட்காரக் கூடாது.

முன்சக்கரத்துக்கான ஸ்டாண்ட் தனி. பின்புறத்தை முதலில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத்தான் முன்புறத்தைத் தூக்க வேண்டும். ஃபோர்க்கின் அடியைத் தாங்கும் வகை, சக்கரத்தைக் கழற்றப் போதும். ஃபோர்க்கையே கழற்ற வேண்டுமானால் ஹேண்டிலின் நடுத்தண்டைத் தாங்கும் வகை வேண்டும். வீட்டில் இந்த வேலைகளைச் செய்பவர் குறைவு. மற்றவர்கள் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்சக்கரம் எழும்பி நிற்கும்போது, இன்ஜினை ஓட்டி கியர் போட்டுச் செயினைச் சுற்றவிட்டுத் துணியால் துடைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. துணி செயினில் சிக்கினால் விரலையும் ஸ்பிராக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

பயணத்தில் கணக்கே வேறு. பேடாக் ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு யாரும் ஊர் சுற்ற முடியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே பஞ்சர் ஆனால், டியூப்லெஸ் டயர்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே திரியைச் செருகி ஓட்டையை அடைத்துக் காற்றடித்துப் புறப்பட்டுவிடுவார். ஸ்போக்ஸ் வீலும் டியூபும் உள்ள வண்டி என்றால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். 2016-இல் வந்த ஹிமாலயனில் ராயல் என்ஃபீல்டு சென்டர் ஸ்டாண்டைச் சேர்த்தே கொடுத்தது, நீண்ட பயணம் போகிறவர்களுக்குப் பெரிய உதவி.

அந்த வசதி இல்லாதவர்கள், மடக்கியோ நீட்டியோ பயன்படுத்தும் சிறு முட்டுக்கோல் ஒன்றை எடுத்துச் செல்கிறார்கள். வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்க, எதிர்ப்புறமாகப் பின் அச்சுக்கு அருகே ஸ்விங் ஆர்முக்கு அடியில் கோலைக் கொடுக்க வேண்டும். அப்போது முன்சக்கரம், சைடு ஸ்டாண்ட், கோல் என்ற மூன்று புள்ளிகளில் வண்டி முக்காலி போல நிற்கும், பின்சக்கரம் எழும்பிவிடும். முன் பிரேக்கை இங்கும் கட்ட வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்க, கோலை வண்டியின் முன்பகுதியில் ஃபிரேமுக்கு அடியில் வைத்து, வண்டியைக் கியரில் விட வேண்டும். பின்சீட்டு மூட்டைகளை முதலில் இறக்கிவிடுவது அவசியம். சென்டர் ஸ்டாண்டில்கூட பின்பாரம் அதிகமானால் வால் தாழ்ந்து, கழற்ற வேண்டிய சக்கரம் தரையிலேயே நிற்கும்.

சித்திரை வெயிலில் இளகிய தார்ச்சாலையிலும் கடற்கரை மணலிலும் சைடு ஸ்டாண்டோ கோலோ மெல்லப் புதையும். உள்ளங்கை அகல மரத்துண்டோ தகடோ ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் அதன் அடியில் வைக்கலாம். புறப்படும் முன்பு வீட்டு வாசலிலேயே கோலை முட்டுக் கொடுத்து, பின்சக்கரத்தை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்தால், அச்சு நட்டுக்கு எத்தனையாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.