அயலவர் கையிலுள்ள வேதம்



கிறிஸ்தவ நண்பன் தந்த பைபிளை வீசிவிடலாமா என இளைஞர் சிலர் வினவுகின்றனர். பொகவந்தலாவையில் கிறிஸ்தவ அயலவர் நேற்று வந்தவரல்லர். புனித மரியாள் ஆலய வளவில் 1879 இல் மரணித்தவரின் கல்லறையே உண்டு.

தவ்றாத் மூஸா (அலை) அவர்களுக்கும், ஸபூர் தாவூத் (அலை) அவர்களுக்கும், இன்ஜீல் ஈஸா (அலை) அவர்களுக்கும் அருளப்பட்டவை என நம்புவது ஈமானின் பகுதியாகும். அதனை மறுப்பவர் குர்ஆனையே மறுத்தவராவார். எனினும் இன்று அச்சிலுள்ள பைபிள் அப்படியே அந்த இன்ஜீல் அன்று. பவுலின் கடிதங்களும் அதில் உள. சொற்களே மாற்றப்பட்டனவா, பொருள் மட்டும் திரிக்கப்பட்டதா என்பதில் நம் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

குர்ஆன் உறுதிப்படுத்துவதை ஏற்போம்; அது மறுப்பதை மறுப்போம். குர்ஆன் பேசாதவற்றில்? மதீனத்து யூதர்கள் தவ்றாத்தை ஹீப்ரு மொழியில் ஓதி, முஸ்லிம்களுக்கு அரபியில் விளக்கி வந்தனர். அவர்களை உண்மைப்படுத்தவும் வேண்டாம், பொய்ப்படுத்தவும் வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூஹுரைரா (ரழி) வழியாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கின்றது. நாம் பொய்யென்றது அல்லாஹ்வின் வார்த்தையாக இருந்துவிட்டால்? தம்மிடம் கொண்டுவரப்பட்ட தவ்றாத்தை நபியவர்கள் தலையணையின் மீது வைத்தார்கள் என அபூதாவூதிலும் வந்துள்ளது.

பெற்றோர்களே, மார்க்க அடித்தளம் பெறாத பிள்ளை அந்நூலைத் தனியே வாசிப்பதை நானும் விரும்பவில்லை. ஆனால் வீசுவது கூடாது. தந்த நண்பனிடமே கண்ணியமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.